கிண்டலுக்குத்தானே சொன்னேன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, பகடி ஆகிய சொற்களுக்கு இடையே என்ன வேறுபாடு? கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் அலுவலக மேலாளர் என் ஊர்ப் பேச்சை எல்லோர் முன்னிலையிலும் பேசிக்காட்டுவார். என் முகம் வாடினால், "சும்மா கிண்டலுக்குத்தானே சொன்னேன்" என்பார். எள்ளலைத் தொல்காப்பியரே நகையில் சேர்த்திருக்க, நான்தான் இதைப் பெரிதுபடுத்துகிறேனா?

ச., சென்னை

அன்புள்ள ச.,

சில நாட்களாக நானும் இதையே நினைத்துக்கொண்டிருந்ததால் உடனே எழுதுகிறேன். கோவையில் குசும்பு, மதுரையில் லந்து, சென்னையில் கலாய்ப்பு, யாழ்ப்பாணத்தில் பகிடி என்று ஊருக்கொரு சொல் புழங்குகிறது. பகடி இன்று பெரும்பாலும் எழுத்தில், ஒரு நடையையோ வடிவத்தையோ போலச்செய்து சிரிக்கவைப்பதைக் குறிக்கிறது. நக்கலில் கேலியைவிடக் காரம் சற்று அதிகம். மற்றவற்றுக்கு அகராதி இருக்கிறது.

தொல்காப்பியரை உங்கள் மேலாளருக்கு வக்கீலாக்காதீர்கள். "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று சிரிப்பு பிறக்கும் நான்கு இடங்களை அவர் சொன்னார். பிறக்கும் சிரிப்பெல்லாம் நல்லது என்று சொல்லவில்லை. பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர், தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது என்று எள்ளலை இரண்டாக்கினார். இந்த இரண்டாவது சிரிப்புதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நலங்கு என்றால் என் அத்தைக்குக் கொண்டாட்டம். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு எண்ணெய் தேய்க்க வந்தவள் தலையில் முடி இருக்கும் இடம் தெரியாமல் திகைத்து நிற்கிறாள் என்று அவர் பாட, எதிர்ப்பக்கத்துப் பாட்டி ஒருவர் அத்தையின் மூக்குத்தி பித்தளை என்று அதே மெட்டில் திருப்பிக் கொடுப்பார். அத்தைதான் முதலில் வாய்விட்டுச் சிரிப்பார். அப்படி ஒரு கல்யாணத்தில், பந்தல் போட்டவருக்குக் கூலி கொடுக்க உட்கார்ந்த எங்கள் வீட்டுப் பெரியவர், அவருடைய திக்குவாயைப் போலவே திக்கித் திக்கி ரூபாயை எண்ணினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பந்தல்காரரும், நீட்டிய கையை மடக்காமலேயே, சிரித்தார். பணம் இன்னும் பெரியவரின் கையில்தானே இருந்தது! எங்கள் வீட்டில் இரண்டுக்கும் கேலி என்றே பெயர்.

முறைமைக்காரர்களுக்குள் கேலி செய்யலாம் என்று வைத்தவர்கள், மச்சானுக்குக் கொடுத்த உரிமையை மச்சினனுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். திருப்பிச் சொல்ல முடியாதவரிடம் சொன்னால் அதற்கு இளக்காரம் என்று பெயர். சொல்லப்பட்டது எவ்வளவு நயமாக இருந்தது, சொன்னவர் மனதில் என்ன இருந்தது, கேட்டவர் சிரித்தாரா என்பவற்றால் அது மாறிவிடாது. மாணவனின் நிறத்தைச் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைக்கும் ஆசிரியர், மாணவன் தம்முடைய தொப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதிப்பாரா?

இந்த இடத்தில் ஈழத்தவர் நம்மைவிட நேர்மையாக இருந்திருக்கிறார்கள். கல்லூரிகளில் நடக்கும் ராகிங்கை அவர்கள் பகிடிவதை என்கிறார்கள். பகிடி என்ற பெயரில் நடந்தாலும் அது வதை என்பதை மறைக்கவில்லை. நாம் 1997இல் ராகிங்குக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தோம். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு, பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகவும் தனிச் சட்டம் வந்தது. ஆனாலும் ஒரு பெண்ணை வழிமறித்து, பின்தொடர்ந்து, கையைப் பிடித்து இழுத்தவனை நம் செய்தித்தாள்கள் இன்றும் "மாணவியைக் கேலி செய்த இளைஞர்" என்று எழுதுகின்றன. அவன் என்ன, நலங்கா பாடினான்?

விளையாட்டுக்குச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பம்தான் என்னும் "நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி" குறளைப் பள்ளியில் படித்துவிட்டு, பெரிதுபடுத்துகிறேனா என்று என்னிடம் கேட்கிறீர்களே, உங்களை என்ன செய்வது? அது அவர் உங்கள் வாயில் போட்டுவிட்ட கேள்வி, துப்பிவிடுங்கள். அடுத்த முறை அவர் உங்கள் ஊர்ப் பேச்சைப் பேசிக்காட்டினால், அவருடைய ஆங்கிலத்தை நீங்களும் அதே சிரிப்போடு பேசிக்காட்டுங்கள். அவரும் சிரித்தால் இருவரும் தேநீர் குடிக்கப் போகலாம். முகம் சிவந்தால், நடந்தவற்றைத் தேதியிட்டு எழுதி மேலிடத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் தவறியும் கிண்டல் என்ற சொல்லை எழுதிவிடாதீர்கள்.