ஆயிரம் ஃபிரேசல் வேர்ப் பாடமாக்கும் மகளுக்கு

அம்மா, மகள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்கள். ஆயிரம் ஃபிரேசல் வேர்ப் (வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து புதுக் கருத்துத் தரும் இங்கிலிஷ் தொடர்) உள்ள புத்தகம் ஒன்றை வாங்கி, விடியவெள்ளன எழும்பிப் பாடமாக்குகிறாளாம். ஆனாலும் யாராவது இங்கிலிஷில் கதைத்தால் வாய் திறப்பதில்லையாம். பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. அந்தப் புத்தகத்தைக் கொஞ்சநாள் மூடி வைக்கச் சொல்லுங்கள்.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் மகள் நிற்கிறாள் என்று வையுங்கள். தங்க வந்தவர் ஒருவர் ‘வீ ஹாவ் ரன் அவுட் ஒஃப் டவல்ஸ்’ என்கிறார். ரன் என்றால் ஓடு, அவுட் என்றால் வெளியே. யார் ஓடினது என்று பிள்ளை முழிக்கும். அறையில் துவாய் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்தவர் படகுப் பயணம் ‘கோல்ட் ஒஃப்’ ஆ என்று கேட்பார். அது ரத்தாகிவிட்டதா என்ற கேள்வி. இன்னொருவர் வாழைச்சேனை ஸ்டேஷனில் ‘ட்ரொப் மீ ஒஃப்’ என்பார், இறக்கிவிடச் சொல்கிறார். இவற்றோடு செக் இன், செக் அவுட், பிக் அப், ஃபில் இன், கோல் பேக் என்று அந்த மேசையில் நாள் முழுக்கப் புழங்குவது ஒரு கொப்பியின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். அகரவரிசையில் ஆயிரம் தேவையே இல்லை.

அதனால் எந்த வேலை என்பதை முதலில் முடிவெடுங்கள், சொல் பிறகு வரும். தாதியாக விருப்பமென்றால் த்ரோ அப் என்பது வாந்தி, பாஸ் அவுட் என்பது மயங்கி விழுதல். கம்பஸ் முடித்தவரையும் நாம் பாஸ் அவுட் என்போம், ஆகையால் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அலுவலகமென்றால் ஃபொலோ அப் (ஒரு விஷயத்தைத் தொடர்ந்து கவனித்தல்), லுக் இன்டு (விசாரித்துப் பார்த்தல்).

பிள்ளைக்கு இந்த வித்தை புதிதும் அல்ல. ‘பிள்ளையைப் பாருங்கோ’ என்பதும் ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கோ’ என்பதும் ஒன்றா? லுக் அட், லுக் ஆஃப்டர் இரண்டுக்கும் அதே வித்தியாசம்தான். மரபுத்தொடரில் மட்டும் அவதானம் வேண்டும். கைகழுவி விடுவது இரண்டு மொழியிலும் ஒரே கருத்து. ஆனால் ‘யூ ஆர் புல்லிங் மை லெக்’ என்று மனேஜர் சிரித்துக்கொண்டு சொன்னால், நான் அவர் காலை வாரிவிட்டேனோ என்று மகள் பயப்படக்கூடாது. பகிடி விடுகிறாய் என்கிறார்.

தனிச் சொல்லாகப் பாடமாக்காமல் முழு வசனமாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘பிக் இட் அப்’ சரி, ‘பிக் அப் இட்’ பிழை. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ சரி, அதை நடுவில் பிரிக்க ஏலாது. விதியாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொன்றையும் தன் வீட்டு விஷயத்தில் வைத்து ஒரு வசனம் எழுதி, சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். நாளைக்கு மூன்று போதும். கேட்பதற்கு நீங்கள் பக்கத்தில் இருங்கள், உங்களுக்கு இங்கிலிஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

விண்ணப்பக் கடிதத்தில் இவற்றைக் கொட்ட வேண்டாம். பிற்போடுவதற்குக் கதைக்கும்போது புட் ஒஃப், எழுதும்போது போஸ்ட்போன். ஏ.எல். பொது ஆங்கிலம் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் சேராது என்று அதைக் கைவிட்ட பிள்ளைகள்தான் நேர்முகத் தேர்வில் தடுமாறுகிறார்கள். எனக்கு அதில் பெரிய கவலை. வெளிநாட்டுப் படிப்புக்கு ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை எழுதினால், 11 முதல் 14 நிமிடப் பேச்சுச் சோதனையில் பார்க்கும் நான்கு விஷயங்களில் சொல்வளமும் ஒன்று. அங்கேயும் பாடமாக்கிச் செருகினால் பரீட்சகருக்கு உடனே விளங்கிவிடும்.

அடுத்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்த வேலை விருப்பம் என்று அவளிடமே கேட்டு, முதல் வாரத்து வசனங்களை அவளோடு இருந்து எழுதித் தருகிறேன்.