பெரிய கம்பெனி இல்லாத ஊரில் கூட்டாண்மை ஆய்வா?

“நெல்லையில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புத்தாக்கக் கூட்டாண்மையையும் (கல்லூரி போன்ற வெளியாருடன் சேர்ந்து புதியதை உருவாக்குவது) நிலைத்தன்மையையும் (சூழலைக் கெடுக்காமல் நீடிப்பது) இணைத்து ஆய்வேடு எழுதச் சொல்கிறார்கள். பெரிய கம்பெனிகள் இல்லாத இந்தப் பக்கத்தில் எதை எடுப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பகுதியில் மேலாண்மை வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

தொழிலே இல்லாத ஊர் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பாபநாசத்து அருவித் தண்ணீரின் விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் 1885இலேயே பஞ்சாலை வந்துவிட்டது. தாழையூத்தில் 1949 முதல் சிமெண்ட் ஆலை ஓடுகிறது. ராதாபுரம், பணகுடிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள்தான். இவற்றில் ஒன்றை எடுத்தாலும் குறையில்லை. பங்குச் சந்தையில் முதல் 1000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த படிவத்தில் நிலைத்தன்மை அறிக்கை தரவேண்டும். சிறு உற்பத்தியாளர்களிடமிருந்து எத்தனை சதவீதம் கொள்முதல் செய்கிறார்கள் என்ற கேள்வியும் அதில் இருப்பதால், வீட்டிலிருந்தே தரவு திரட்டலாம்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கோரைப்பாய் நெய்யும் பத்தமடைக்குத்தான் போவேன்.

காரணம் சொல்கிறேன். இந்தத் துறையில் அதிகம் எடுத்தாளப்படும் கருத்துகளில் ஒன்று, 1990இல் கோஹன், லெவிந்தால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த ‘உள்வாங்கும் திறன்’. வெளியிலிருந்து வரும் அறிவின் மதிப்பை அடையாளம் கண்டு, தன்வயமாக்கி, தொழிலில் பயன்படுத்தும் ஆற்றல் அது. அந்தத் துறையில் முன்பே நமக்கு இருக்கும் அறிவைப் பொறுத்து அது கூடும், குறையும். நம் பக்கத்து ஆய்வேடுகள் பலவும் இதைக் கைவினைஞர்களிடம் மட்டுமே அளக்கின்றன. ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு கேள்வித்தாள். ‘புதிய வடிவமைப்பை ஏற்கத் தயாரா?’ என்று ஒரு வரி. சராசரி, திட்டவிலக்கம், பரிந்துரை. கல்லூரியின் உள்வாங்கும் திறன் எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. என் அனுபவத்தில், குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஒருமுறை மாணவர்களைப் பத்தமடைக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒரு மாணவர் கணினியில் வரைந்த வடிவத்தை, பாய் நெய்யும் வயதான அம்மா ஒருவரிடம் நீட்டினார். அவர் அதைத் தறியின் பாவு (நீள இழைகள்) மேல் வைத்துக் கட்டங்களை விரலால் எண்ணினார். “தம்பி, இது வரவேண்டும் என்றால் கோரையை இன்னும் மெல்லிசாகக் கிழிக்க வேண்டும். நாள் கூடும். அந்த நாளுக்குக் கூலி போட்டிருக்கிறீர்களா?” என்றார். புதிய அறிவை நோட்டம் பார்த்து, தன் தொழிலோடு பொருத்தி, செலவையும் அவர் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். மாணவர்களிடம் கூலிக் கணக்கு இல்லை. கோரையைப் பற்றிய அறிவும் இல்லை.

பட்டுப்பாய் என்ற மெல்லிய பாய்க்குக் கோரையைக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பருத்த பின் மறுபடி காயவைத்து, நூல் அளவுக்குக் கிழித்துப் பருத்திப் பாவில் ஊடையாக (குறுக்கு இழையாக) செலுத்துகிறார்கள். ஆற்றில் சாக்கடை கலந்தால், மணல் போனால், கோரையும் போயிற்று. பல்கலைக்கழகம், தொழில், அரசு என்று எட்ஸ்கோவிட்ஸ், லேடெஸ்டார்ஃப் என்ற ஆய்வாளர்கள் 1990களில் சொன்ன மூவிழைக் கூட்டுக்குப் பிறகு, குடிமைச் சமூகத்தை நான்காவதாகவும் இயற்கைச் சூழலை ஐந்தாவதாகவும் காரயானிஸ், கேம்ப்பெல் இருவரும் சேர்த்தார்கள். வகுப்பில் இதைப் படமாக வரைந்துவிட்டுப் போய்விடுகிறோம். பத்தமடையில் அந்த ஐந்தாவது இழை தாமிரபரணி. நிலைத்தன்மையைத் தனி அத்தியாயமாக ஒட்டவைக்கும் வேலை உங்களுக்கு அங்கே இருக்காது.

அடுத்து, காலம். கூட்டாண்மையை நம் கல்லூரிகள் கையெழுத்தான ஒப்பந்தங்களின் எண்ணிக்கையாகக் கணக்குக் காட்டுகின்றன. பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்காக ஐ.நா. ஆதரவில் 2007இல் வகுத்த ஆறு கொள்கைகளில் கூட்டாண்மையும் ஒன்றாக இருந்தது, உரையாடலும் ஒன்றாக இருந்தது. உரையாடல் நடக்கக் காலம் வேண்டும். கோரை அறுப்புக்கு ஒரு பருவம் உண்டு, கல்லூரிக்கு செமஸ்டர் உண்டு, இரண்டும் ஒத்துப்போவதில்லை. பயிற்சி முகாம் நடக்கும், புகைப்படம் எடுப்பார்கள், அடுத்த ஆண்டு வேறு மாணவர்கள் வந்து முதலிலிருந்து அதே கேள்விகளைக் கேட்பார்கள். நெசவாளர்கள் சலித்துப்போவதில் என்ன வியப்பு? எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவுக்கான சி.எஸ்.ஆர். விதிகளில்கூடத் தொடங்கிய ஆண்டைத் தவிர மேலும் மூன்று ஆண்டு வரை ஒரு திட்டத்தைத் தொடர இடம் இருக்கிறது. ஓராண்டில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

ஆகவே உங்கள் ஆய்வுக் கேள்வியை இப்படி வைக்கலாம்: வெளியிலிருந்து வந்த ஒரு வடிவமைப்போ பயிற்சியோ, வந்தவர்கள் போன பிறகும் தறியில் நிற்கிறதா? நின்றால் கூடுதல் விலையில் நெசவாளர் கைக்கு எவ்வளவு போகிறது? கல்லூரி தன் பாடத்திட்டத்தில் எதை மாற்றிக்கொண்டது? இரண்டு மூன்று முயற்சிகளை எடுத்து ஆழமாகப் பாருங்கள்; நூறு கேள்வித்தாளைவிட அதில் விஷயம் அதிகம். கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் கேட்டுப் பாருங்கள். ஒப்பிட வேண்டுமானால் காருகுறிச்சி மண்பாண்டம், கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டுமே அதே சாலையில் இருக்கின்றன.

ஒரே ஒரு வேண்டுகோள். முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கத்துக்கு எழுதி, வாய்மொழித் தேர்வுக்கு முன்பே நெசவாளர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் மறுக்கிற இடங்களை அப்படியே பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். வழிகாட்டி ஆட்சேபித்தால், 2007இல் வகுத்த அந்த ஆறு கொள்கைகளில் உரையாடலும் ஒன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.