பாதியில் நின்றுபோன சினிமா பாட்காஸ்ட்டை மறுபடி எங்கிருந்து தொடங்குவது?

நின்ற இடத்திலிருந்தே தொடங்குங்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம், அதுவும் பாதி பதிவாகிக் கிடந்த ஒரு எபிசோடின் 17-ஆவது நிமிடத்திலிருந்து.

நானும் என் தாய்மாமாவும் மதுரையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பழைய தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேசி வந்தோம். மாமா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். நான் பள்ளி ஆசிரியை. 62 எபிசோடு ஒழுங்காகப் போனது. 63-ஆவதைப் பதிவு செய்துகொண்டிருந்த ராத்திரி எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த மருத்துவர், குரல் நாண்கள் இரண்டிலும் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன என்றார். உழைக்கிற கையில் காய்ப்பு விழுவது மாதிரிதானாம், சத்தமாகப் பாடம் நடத்துகிறவர்களுக்கு அடிக்கடி வருமாம். முதலில் ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுவென்று பேசலாமே என்று நினைத்தேன், அதுவும் நாணுக்குச் சிரமம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. மீண்டு வந்த குரலும் வகுப்புக்கே சரியாகப் போயிற்று. இப்படியே 11 மாதம்.

கேட்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காணாமல் போனது உறுத்திக்கொண்டே இருந்தது. குரல் தேறியதும் நோட்டுப் புத்தகத்தில் பெரிய திட்டம் போட்டேன். என்ன நடந்தது என்று விளக்க ஒரு எபிசோடு, புது முகப்பிசை, விட்டுப்போன மாதங்களுக்குச் சேர்த்து எட்டுப் படங்கள். மாமா அதை வாங்கிப் படித்தார்.

"ஏந்தாயி, ரீல் அறுந்து போச்சுன்னா படத்தை மறுபடி மொதல்லருந்தா போடுவாக?"

அப்புறம் கையாலேயே காட்டினார். அறுந்த இரண்டு முனைகளையும் நேராக வெட்ட வேண்டும். ஒரு முனையில் மேலே இருக்கிற பூச்சைப் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். பிலிம் சிமெண்டை, அதாவது பிலிம் ஒட்டும் பசையை, தொட்டுத் தடவி, மற்ற முனையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குள் கொட்டகையில் விசிலும் கூச்சலும் காதைப் பிளக்கும், விரலை மட்டும் எடுக்கக் கூடாது. நொடிக்கு 24 பிரேம் ஓடுகிற படத்தில் இரண்டு மூன்று பிரேம் போனால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் காது கண்டுபிடித்துவிடும். ஒலித்தடம் பிலிமின் ஓரத்தில், தன் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் ஓடுகிறது. ஒட்டுப் போட்ட இடம் புரொஜெக்டரில் ஒலியைப் படிக்கும் பகுதியைக் கடக்கும்போது ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும்.

"டப்புனு கேக்கும். கேக்கட்டும், படம் ஓடுதுல்ல" என்றார். நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

பாதியில் நின்ற எபிசோடு 1954-இல் வந்த 'அந்த நாள்' பற்றியது. ஏவி.எம். தயாரிப்பு, வீணை வித்வான் எஸ். பாலசந்தரின் இயக்கம். அத்தனை பெரிய சங்கீதக்காரர் எடுத்த படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. 1943-இல் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய சமயத்தில் கதை நடக்கிறது. சிவாஜி கணேசன் ரேடியோ இன்ஜினியர், படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் செத்துவிடுகிறார். மற்றவர்கள் சொல்லச் சொல்லத்தான் அவர் யாரென்று நமக்குத் தெரிகிறது. பாட்டு இல்லாததால் குரல்கள்தான் படத்தைத் தாங்குகின்றன. பேசாமல் கிடந்த மாதங்களில் இந்தப் படத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டேன். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம், அதாவது படத்தின் ஒலியை மட்டும், கேட்ட வீடு எங்களுடையது, அந்தப் பழக்கம் கைகொடுத்தது. சிவாஜியின் மனைவியாக வரும் பண்டரிபாயின் குரல் எந்த இடத்தில் இறுகுகிறது என்பதை முன்பு நான் கவனித்ததே இல்லை. பேச வேண்டும் என்ற தவிப்பு அங்கேதான் திரும்பி வந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு படம் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். விட்டுப்போன படங்களைத் துரத்த வேண்டாம்.

பழைய பதிவை ஆடாசிட்டி என்கிற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து கேட்டபோது கண் கலங்கிவிட்டது. என் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு போவது அதில் தெளிவாகக் கேட்கிறது. இப்போதிருக்கும் குரல் அதைவிடக் கனமானது. அந்த 17 நிமிடத்தையும் புதிதாகப் பேசிவிடலாம் என்றேன், மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை. பழையதன் முடிவில் இரண்டு விநாடி மௌனம் விட்டு, "இந்த இடத்தில் என் குரல் போய்விட்டது, 11 மாதம் கழித்து இப்போது பேசுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, விட்ட காட்சியைத் தொடர்ந்தோம்.

நடைமுறையில் இரண்டு விஷயம். நின்றிருக்கும் காலத்திலும் ஹோஸ்டிங் கட்டணத்தை, அதாவது எபிசோடுகளை இணையத்தில் வைத்திருக்கிற இடத்துக்கான கட்டணத்தை, கட்டிவிடுங்கள். செயலிகள் எபிசோடு பட்டியலை எடுக்கிற ஃபீட் (feed) முகவரி போய்விட்டால் பழைய எபிசோடுகளைச் செயலிகளில் கேட்க முடியாது. அது உயிரோடு இருந்தால் புதிய எபிசோடு தானாகவே பட்டியலில் வந்து நிற்கும். சில செயலிகள் ரொம்ப நாள் கேட்காத நிகழ்ச்சியைத் தரவிறக்குவதை நிறுத்திவிடும், அதனால் பழைய எண்ணிக்கை உடனே வராது. எங்களுக்கும் வரவில்லை. இரண்டாவது, அளவைக் குறையுங்கள். 50 நிமிடம் பேசிய நாங்கள் இப்போது 20 நிமிடத்தில் நிறுத்துகிறோம், மாதம் ஒன்றுதான். முதல் எபிசோடு கையில் தயாராக இருக்கும்வரை தேதி எதுவும் அறிவிக்காதீர்கள்.

வெளியிட்ட மறுநாள் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அம்மா அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே எங்களைக் கேட்பாராம். 12-ஆவது நிமிடத்திலேயே, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "இந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு முடியல போலயே" என்றாராம். விளக்க எபிசோடுக்காக நான் எழுதி வைத்திருந்த மூன்று பக்கத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டேன்.

வருகிற ஞாயிறு 66-ஆவது. ஜன்னலில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டும், துண்டு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பதிவுப் பொத்தானை அழுத்தும் முன் அவர் "தண்ணி குடிச்சியா தாயி?" என்று கேட்பார்.