பெட்ரோலா டீசலா என்பதற்கு முன் அந்த நான்கு ரசீதுகள்

கேள்வி: நோர்வூட்டில் ஓட்டோ ஓட்டுகிறேன். லீசிங் தவணை மாதம் 32,000 ரூபாய், இன்னும் 14 மாதம் இருக்கிறது. பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து, கெம்பர் வேனாக்கி, எல்ல, ஹப்புத்தளை பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறார் மச்சான். டீசல் வேன் 70 லட்சம், பெட்ரோல் 62 லட்சம். அவர் 20 லட்சம் போடுவார். அம்மாவின் சேமலாப நிதிப் பணம் 10 லட்சம், மிச்சம் என் பெயரில் லீசிங். எதை எடுக்கலாம்? தவணை கட்ட அவ்வப்போது நகை அடகு வைப்பதால் பயமாகவும் இருக்கிறது. நான்கு அடகு ரசீதுகளையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். மலையில் டீசலுக்கு இழுவை அதிகம், உண்மைதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சின் அங்கே போகும்போது காற்று மெலிந்து ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஆனால் டீசல் மலிவு என்பது பழைய கதை. 2021 டிசம்பரில் பெட்ரோல் 177, டீசல் 121 ரூபாய். 2022 ஜூனில் 470, 460 ஆகி, வித்தியாசம் பத்து ரூபாய்க்கு வந்துவிட்டது.

லீற்றர் இரண்டும் 300 என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓட்டம். பெட்ரோல் லீற்றருக்கு 8, டீசல் 10 கிலோமீற்றர் கொடுத்தால் டீசலில் மாதம் 7,500 ரூபாய் மிச்சம். கூடுதல் எட்டு லட்சத்துக்கு லீசிங் வட்டி, 18 சதவீதம் என்றால், தொடக்கத்தில் மாதம் 12,000. கடன் எடுத்து டீசல் வாங்கினால் மிச்சத்தை வட்டி தின்றுவிடும். பழைய டீசலில் பம்ப், இன்ஜெக்டர் வேலை வந்தால் அது வேறு. ஆகவே இந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான். ஆனால் இப்போது இரண்டும் வேண்டாம்.

காரணம் நீங்கள் அனுப்பிய ரசீதுகளில் இருக்கிறது. நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். 22 கரட் சங்கிலி ஒன்று, காப்பு இரண்டு, மோதிரம், இன்னொரு சங்கிலி. ஒவ்வொரு ரசீதும் 60,000. போன வருடம் ஜூன், ஓகஸ்ட். இந்த வருடமும் ஜூன், ஓகஸ்ட். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிறது, அப்புறம் உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை. ஓட்டம் இல்லை, தவணை மட்டும் நிற்பதில்லை. அந்தப் பள்ளத்தை மனைவியின் நகையால் நிரப்புகிறீர்கள். 2,40,000 ரூபாய்க்கு 15 சதவீதம் வட்டி என்றால் வருடம் 36,000. பன்னிரண்டு தவணைக்குப் பதில் பதின்மூன்று கட்டுகிற மாதிரி.

டீசல் வேனுக்கு மிச்சம் 40 லட்சம் லீசிங். ஐந்து வருடத்துக்கு அதே 18 சதவீதத்தில் தவணை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். அதே மழை அந்த வேனுக்கும் பெய்யும். அடகு வைக்க வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது? லீசிங் வண்டியை உள்ளே வெட்டி மாற்ற நிறுவனத்தின் சம்மதமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும், வாடகைக்கு ஏற்ற காப்புறுதியும் வேண்டும். இதை மச்சான் கணக்கில் சேர்த்தாரா? கெம்பர் வேன் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது, அது தவணை கட்டாது.

செய்ய வேண்டியது இது. இந்த டிசம்பர் முதல் வெசாக் வரை, ஏறக்குறைய 160 நாள், ஓட்டம் முடிந்த கையோடு தினமும் 750 ரூபாயை வேறொரு வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். 1,20,000 சேரும். மழைக்காலத் தவணைக்கு அது போதும், ஐந்தாவது ரசீது வராது. ஓட்டோ லீசிங் முடிந்த மறுமாதமே அதே 32,000-ஐ நகைப் பக்கம் திருப்புங்கள். எட்டு மாதத்தில் அசல் தீரும். வட்டியை மட்டும் கட்டி நகையை மறுபடி அடகு வைக்கிற பழக்கத்தை இன்றே விடுங்கள், முடிந்த போதெல்லாம் அசலில் ஐயாயிரமாவது குறையுங்கள்.

அம்மாவின் 10 லட்சம் கொழுந்து பறித்த கை சேர்த்தது. அம்மாவின் பெயரிலேயே நிலையான வைப்பில் போடுங்கள், வட்டி அவர் கைக்கே போகட்டும். மச்சானிடம் முகம் கோணாமல் சொல்லுங்கள்: "லீசிங்கில் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த சீசனில் யாருடைய வேனையாவது வாடகைக்கு எடுத்து பத்து ட்ரிப் ஓட்டிப் பார்ப்போம்." அந்தப் பத்து ட்ரிப்பின் கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள், அப்போது பெட்ரோலா டீசலா என்று மறுபடி பார்ப்போம்.