கிரவுண்ட்ஹாக் தினத்துக்கும் யூத மரபுக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: அமெரிக்காவில் பிப்ரவரி 2-ஆம் தேதி கிரவுண்ட்ஹாக் என்னும் விலங்கின் நிழலைப் பார்த்து, குளிர்காலம் நீளுமா என்று குறி சொல்கிறார்களே, அந்த நாளுக்கு யூதத் தொடர்பு ஏதாவது உண்டா?

உண்டு. விலங்குக்கு இல்லை, தேதிக்கு உண்டு. அந்தத் தேதியைத் தீர்மானித்ததே மோசேயின் சட்டம்தான்.

லேவியர் நூலின் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆண் குழந்தை பெற்ற தாய்க்கு 7 நாள் தீட்டு. எட்டாம் நாள் குழந்தைக்கு விருத்தசேதனம். அதன்பின் இன்னும் 33 நாள் அவள் திருவிடத்துக்கு வரக்கூடாது. மொத்தம் 40 நாள். அது முடிந்ததும் ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கு வழியில்லாதவள் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொடுத்தால் போதும். லூக்கா நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில் மரியாவும் யோசேப்பும் கொண்டுபோவது இந்த ஏழை வீட்டுக் காணிக்கையைத்தான்.

இப்போது கிறிஸ்துமஸ் நாளிலிருந்து எண்ணுங்கள். டிசம்பரில் 7, ஜனவரியில் 31, பிப்ரவரியில் 2. சரியாக 40. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் போன எகேரியா என்ற பெண் யாத்ரீகர், இயேசுவின் பிறப்பையும் அங்கே அப்போது சேர்த்தே கொண்டாடிய திருக்காட்சி விழாவிலிருந்து நாற்பதாம் நாளை அங்கே பெரிய விழாவாகக் கொண்டாடியதை எழுதி வைத்திருக்கிறார். ஜனவரி 6-ஐ முதலாகக் கொண்ட அந்தக் கணக்கில் விழா பிப்ரவரி 14-இல் வந்தது. பிறப்பு விழா டிசம்பர் 25 என்று நிலைபெற்றதும் இது பிப்ரவரி 2-க்கு நகர்ந்தது. தேதி மாறினாலும் நாற்பது மாறவில்லை.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவன். எங்கள் பங்குக் கோவிலில் அன்று மெழுகுதிரிகளை மந்திரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். உருகும் மெழுகு விரலைச் சுடாமல் இருக்க, அட்டைத் துண்டில் துளையிட்டு, அதில் திரியைச் செருகிப் பிடித்துக்கொண்டு பவனி போவோம். முதியவர் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தி, பிற இனத்தாருக்கு ஒளி என்று சொல்லும் பகுதியை வாசிப்பார்கள். மெழுகுதிரிக்குக் காரணம் அந்த வரி. அந்த வரியும் எசாயா இறைவாக்கினரிடமிருந்து வந்ததுதான். எனவே இதைக் கிறிஸ்தவ விழா என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு யூதத் தாய் யூதச் சட்டப்படி எருசலேம் கோவிலுக்குப் போன நாள் அது.

அந்தக் காட்டுப்புறாவையும் எளிதாகக் கடந்துவிட வேண்டாம். குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு, வசந்தத்தில் இஸ்ரேலுக்குத் திரும்பும் பறவை அது. மாரிக்காலம் முடிந்தது, மழை ஓய்ந்தது, நம் நாட்டில் காட்டுப்புறாவின் குரல் கேட்கிறது என்று சாலொமோனின் உன்னதப்பாட்டு சொல்கிறது. தான் வரும் காலத்தை அறிந்த பறவைகளில் ஒன்றாக எரேமியாவும் அதைக் குறிப்பிடுகிறார். பருவம் மாறுவதை அறிவிக்கும் உயிரினம் யூத மரபில் எது என்று கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன்.

நிழல் பார்க்கும் வழக்கம் யூதர்களுடையது அல்ல. மெழுகுதிரி விழா அன்று வெயில் அடித்தால் குளிர் இன்னும் நீளும் என்பது ஐரோப்பிய உழவர்களின் நம்பிக்கை. ஜெர்மானியர்கள் அதில் பேட்ஜர் என்னும் வளை தோண்டும் விலங்கைச் சேர்த்தார்கள்: அது வளையிலிருந்து வந்து தன் நிழலைக் கண்டால் திரும்ப உள்ளே போய்விடும். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் இந்த வழக்கத்தைக் கொண்டுபோனார்கள். பேட்ஜரின் வேலை அங்கே கிரவுண்ட்ஹாக்குக்குப் போனது. பென்சில்வேனியாவின் பங்ஸடானி ஊரில் 1887 முதல் நடப்பது அதுதான்.

யூத அறிஞர்களான ரபிமாரின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் இதைப் பார்த்தால் என்ன சொல்லும்? லேவியர் 19:26 சகுனம் பார்க்காதே என்கிறது. எதெல்லாம் சகுனம் என்று தல்மூத்தின் சன்ஹெத்ரின் பகுதியில் ரபிமார் பட்டியல் தருகிறார்கள். வாயிலிருந்து அப்பம் விழுவது, கையிலிருந்து கோல் நழுவுவது, மகன் பின்னாலிருந்து கூப்பிடுவது, காக்கை கரைவது, மான் குறுக்கே போவது. வெளியே கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டால் முகம் சுளிக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்தப் பட்டியலுக்கு உரையே தேவையில்லை. தொடர்ந்து, பெருச்சாளி போன்ற ஒரு சிறு விலங்கையும் பறவைகளையும் மீன்களையும் வைத்துக் குறி பார்ப்பது அதே பகுதியில் பெயர் சொல்லியே தடுக்கப்படுகிறது. கிரவுண்ட்ஹாக்கை நம்பிக் குறி கேட்பது இந்தத் தடைக்கு மிக அருகில் வருகிறது என்பதே என் எண்ணம். அமெரிக்க யூதர்கள் அதை வேடிக்கையாகத் தொலைக்காட்சியில் பார்ப்பது வேறு விஷயம்.

ஆனால் வானத்தைப் பார்த்து மழையைக் கணிப்பதற்குத் தல்மூத்தில் இடம் இருந்தது. தாவீதின் ஆலோசகர் அகித்தோப்பேல் சாகும் முன் தன் மக்களுக்கு மூன்று புத்திமதிகள் சொன்னாராம். சண்டையில் சேராதீர்கள், தாவீதின் வீட்டுக்கு எதிராகக் கிளம்பாதீர்கள், ஷவுஓத் என்னும் அறுவடை விழா நாள் தெளிவாக இருந்தால் கோதுமை விதையுங்கள். உடனே ஒருவர் மறுக்கிறார்: தெளிவாக இருந்தால் என்று அல்ல, மூட்டமாக இருந்தால் என்றுதான் தமக்குக் கிடைத்த பாடம். பாபிலோனின் நெகர்தேயா ஊர்க்காரர்கள் சமரசம் பேசுகிறார்கள்: மூட்டமாக இருந்தும் வடகாற்று வீசினால் அதுவே தெளிவான நாள். வெயிலா மேகமா என்ற அதே வழக்கு, பங்ஸடானிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே!

பிறகு ரபி அபா என்ற அறிஞர் ரவ் ஆஷி என்ற அறிஞரிடம், நாம் ரவ் இசாக் பார் அவ்திமி சொன்னதையே பின்பற்றுகிறோம் என்கிறார். அது என்னவென்றால், கூடார விழாவின் கடைசி நாள் முடியும் வேளையில் எல்லோரும் எருசலேம் பலிபீடத்துப் புகையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழைக்காலம் தொடங்கப் போகிற நேரம் அது. புகை வடக்கே சாய்ந்தால் ஏழைகளுக்கு மகிழ்ச்சி, நிலக்காரர்களுக்கு வருத்தம். மழை மிகுந்து விளைச்சல் பெருகும், சேமித்து வைத்தால் அழுகும் என்பதால் மலிவாக விற்றாக வேண்டும். தெற்கே சாய்ந்தால் ஏழைகளுக்கு வருத்தம், நிலக்காரர்களுக்கு மகிழ்ச்சி. மழை குறையும், தானியம் கெடாமல் கிடங்கில் நிற்கும். கிழக்கே போனால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மேற்கே போனால் எல்லோருக்கும் துயரம், ஏனென்றால் அப்போது வீசுவது பாலைவனத்துக் கீழைக்காற்று.

நான் படித்த வானிலைக் குறிகளில் இதற்கு இணையாக ஒன்றைக் கண்டதில்லை. மழை வருமா என்று கேட்பதோடு அது நிற்கவில்லை. வந்தால் யார் வீட்டில் அடுப்பு எரியும், யார் கிடங்கில் விலை ஏறும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறது. ஒரே புகையை ஏழையும் பணக்காரனும் எதிரெதிர் மனத்தோடு நின்று பார்த்திருக்கிறார்கள்.

கடைசியாக, இந்தப் பருவத்திலேயே வரும் யூத நாள் ஒன்று உண்டு: யூத நாட்காட்டியின் ஷெவாத் மாதம் 15, மரங்களின் புத்தாண்டு. தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா நூலில் ஷம்மாய் பள்ளியினர் ஷெவாத் 1 என்றார்கள், ஹில்லேல் பள்ளியினர் 15 என்றார்கள். ஹில்லேல் தரப்பே நிலைத்தது. ஆண்டின் பெரும்பகுதி மழை அதற்குள் பெய்து முடிந்துவிடும் என்று தல்மூத் காரணம் சொல்கிறது. பௌர்ணமியை ஒட்டிய நாள் என்பதால் பெரும்பாலும் நம் தைப்பூசத்துக்குப் பக்கத்திலேயே வரும். 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஷெவாத் 15-ம் கிரவுண்ட்ஹாக் தினமும் பிப்ரவரி 2.

தல்மூத்தின் இன்னொரு பகுதி ஆண்டை இரண்டிரண்டு மாதமாக ஆறு பருவங்களாகப் பிரிக்கிறது, நம் பெரும்பொழுது ஆறைப் போலவே. அங்கே ஷெவாத் நடுவில் மாரி முடிந்து குளிர் தொடங்குகிறது. மார்ச்-ஏப்ரலில் வரும் நிசான் மாத நடுவரை அது நீடிக்கும். ஏறக்குறைய நம் பின்பனிக்காலம். இஸ்ரேலில் அப்போது வாதுமை மரங்கள் பூத்திருக்கும், பள்ளிப் பிள்ளைகள் மரக்கன்று நடுவார்கள். பனி உறைந்த கிழக்கு ஐரோப்பாவில் புதுப் பழம் கிடைக்காததால், தொலைதூரப் பயணத்திலும் கெடாத கேரப் என்னும் மரத்தின் உலர்ந்த நெற்றுகளை வாங்கி அன்று தின்றார்கள்.