புதுக் காப்பித்தூளை மின்னஞ்சலில் அறிவிக்க

கேள்வி: ஏற்காட்டுக் காப்பித்தூளை இணையத்தில் விற்கிறோம். போன தடவை 400 பேருக்கு ஜிமெயிலில் பிசிசி (மற்றவர் முகவரி தெரியாத நகல்) போட்டு அனுப்பினோம். பலருக்கு ஸ்பாமில் விழுந்துவிட்டது. புது அரபிகா வகைத் தூளை எப்படி அறிவிப்பது?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: பிசிசி வேண்டவே வேண்டாம். கடையின் சொந்த டொமைன் (இணையப் பெயர்) முகவரியில், மொத்த மின்னஞ்சல் சேவை வழியாக அனுப்புங்கள். மடல் உங்களுடையதுதான் என்று காட்ட அந்தச் சேவை தரும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் வரிகளை டொமைனின் டிஎன்எஸ் (பெயர் அமைப்புகள்) பக்கத்தில் சேர்த்தால்தான் ஜிமெயில் உங்களை நம்பும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். சம்மதம் தந்தவர்களுக்கு மட்டும் போகட்டும். விலகும் இணைப்பு கண்ணில் படாவிட்டால் ஸ்பாம் பொத்தானைத்தான் அழுத்துவார்கள். ஆயிரத்துக்கு 3 பேர் அழுத்தினாலே ஆபத்து.

மூன்று மடல் போதும். வறுப்பதற்கு 5 நாள் முன்பு அறிமுகம். வறுத்த அன்று விற்பனை. 2 நாள் கழித்து நினைவூட்டல், அதுவும் வாங்காதவர்களுக்கு மட்டும். தலைப்பு “மாபெரும் சலுகை” வேண்டாம். “திங்களன்று வறுக்கிறோம்: ஏற்காடு அரபிகா, சிக்கரி இல்லை, 250 கிராம்” என்றிருந்தால் காப்பிப் பிரியர் திறப்பார்.