மடைக்கதவும் பற்றாக்குறையும்

அன்புள்ள ஐயா,
வீட்டில் வரவுக்குள் செலவு செய்வதைப்போல, அரசும் இலவச அரிசியை நிறுத்திவிட்டுப் புதிய வேலைகளையும் பராமரிப்பையும் சில ஆண்டுகள் ஒத்திவைத்தால் நிதிப் பற்றாக்குறை தீராதா? வரியை ஏற்றத்தான் வேண்டுமா?
கல்லூரி மாணவர் ஒருவர், உசிலம்பட்டி

அன்புள்ள தம்பி,

தேர்வுக்காக அல்லாமல், ஊர்க் கவலையாக நீங்கள் இதைக் கேட்டிருப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. ஆனால் கணக்கைப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் அரிசியில் கைவைத்திருக்கிறீர்களே, அது தவறு. 2025-26 மத்திய பட்ஜெட்டில் மதிப்பிடப்பட்ட பற்றாக்குறை சுமார் 15.69 லட்சம் கோடி ரூபாய். உணவு மானியம் சுமார் 2.03 லட்சம் கோடி. முழுவதையும் நிறுத்தினாலும் பற்றாக்குறையில் ஏழில் ஒரு பங்குகூடக் குறையாது. பழைய கடன்களுக்கான வட்டியோ சுமார் 12.76 லட்சம் கோடி.

வரியைத் தொடாமல் முடியாது. 1985இல் வாரிசுச் சொத்தின் மீதான வரியையும், 2015இல் செல்வ வரியையும் நீக்கினோம்; 2019இல் நிறுவனங்களின் அடிப்படை வரி விகிதத்தை, சலுகைகளை விட்டுக்கொடுப்போருக்கு, 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தோம். சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி கட்டும் நாட்டில், இப்படிச் சலுகை பெற்ற செல்வந்தர்களிடம் கேட்காமல், வரி ஏற்றம் என்றால் எல்லோர் மீதும்தான் என்று ஏன் அஞ்சுகிறீர்கள்?

‘ஒத்திவைத்தால்’ என்று எழுதினீர்களே, அந்தச் சொல்தான் என்னை விடவில்லை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றைத் தொட முடியாத அரசு, நெருக்கடி வந்தால் கேட்க நாதியில்லாத வேலைகளையே முதலில் வெட்டும். 1991 அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின்னும் மூலதனச் செலவுதான், அதாவது சாலை, அணை போன்றவற்றைக் கட்டும் செலவுதான், பெரிதும் சுருங்கியது. மேலூர்ப் பக்கத்து எங்கள் ஊர்க் கண்மாயில் மடைக்கதவு துருப்பிடித்து இற்றுக்கொண்டிருந்தது. அப்பா ஆண்டுதோறும் மனு எழுதினார். ஆண்டுதோறும் ‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்ற பதிலே வந்தது. அந்த ஆண்டுகளின் அரசுக் கணக்கில் அது சிக்கனமாகவே தெரிந்திருக்கும். பிறகு ஓர் ஐப்பசி இரவில், கண்மாய் நிறைந்து நின்ற வேளையில் கதவு பெயர்ந்தது. மடையை ஒட்டிய கரையும் சரிந்தது. விடியும்வரை ஊரே மணல் மூட்டை சுமந்தும் தண்ணீரை நிறுத்த முடியவில்லை. கரையைக் கட்ட அரசு செலவிட்ட தொகை, கதவுக்குக் கேட்ட தொகையைப்போலப் பல மடங்கு.

அந்தப் போகம் போனதில் அப்பா முதல்முறையாக வட்டிக்கு வாங்கினார், ஆறு ஆண்டுகள் கட்டினார். அந்த வட்டி எந்த பட்ஜெட்டிலும் பற்றாக்குறையாக ஏறவில்லை.